அம்மா சொன்னதும் நான் எழுதியதும்

மணி மக்களே,

எந்தக் கடிதத்தையும் நலம் சொல்லி, நலம் விசாரித்துத்தான் தொடங்குவேன். நாற்பது வருஷத்துப் பழக்கம். பேனா மூடியைத் திறந்தால் என்னைக் கேட்காமலே கை அந்த வரியை எழுதிவிடும். இந்தத் தடவை அதை எழுதக் கூடாது என்று பிடிவாதமாக இருக்கிறேன். ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே, இது அப்பாவின் கையெழுத்துதானா என்று உனக்குச் சந்தேகம் வரும். என்னுடையதுதான். காலையில் காப்பி குடித்த பிறகு ஒரு அரை மணி நேரம் என் கை சொன்ன பேச்சைக் கேட்கிறது. அந்த அரை மணி நேரத்தில் மட்டும் எழுதுகிறேன், இன்று ஆறாம் நாள். கீழே மொத்தக் கடையில் மிளகாய் வற்றல் மூட்டை இறக்கினால் அன்றைக்கு அதுவும் போச்சு, தும்மியே பொழுது முடிந்துவிடும். ரிட்டயர் ஆனதும் டவுனில், ஆரியசாலைக் கடைத்தெருவில் மாடி அறை வசதியாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட்டு வந்தேன் அல்லவா, எனக்கு வேணும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணியபோது, டெலிபோன் பூத்துக்காரர் வழக்கம்போலக் கீழேயிருந்து "அண்ணாச்சி, பரோடா!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். நான் இறங்கி வந்து ரிசீவரை எடுத்தேன். "அப்பா, சுகம்தானே?" என்றாய். "கொழப்பமில்ல, சுகம்தான். உனக்கு?" என்றேன். "கொழப்பமில்லப்பா" என்றாய். ஏழு வருஷமாக இந்த ஒரு வார்த்தையைத்தான் நாம் இரண்டு பேரும் பந்து மாதிரிப் போட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். பிறகுதான் விஷயத்துக்கு வந்தாய். "ரேவதிக்கு அவ அப்பா ஒரு லெட்டர் எழுதியிருக்காருப்பா. கல்யாணத்துக்கு முந்தி மகளுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி, இங்கிலீஷ்ல பத்துப் பக்கம். படிச்சிட்டு ரெண்டு பேரும் அழுதாச்சு. நீங்களும் எனக்கு ஒண்ணு எழுதுங்க. எப்படி வாழணும், எப்படி நடந்துக்கணும்னு. எஸ்டேட் முழுசுக்கும் கடுதாசி எழுதின கை இல்லியா?" என்றாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

அப்புறம் ரேவதி போனை வாங்கினாள். அந்தப் பிள்ளை என்னை மாமா என்று கூப்பிடும்போது எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. "மாமா, உங்க பிள்ளை மேல ஒரு கம்ப்ளெய்ண்ட்" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். போன மழைக்காலத்தில் உனக்கு டைஃபாய்டு வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாய். அவளிடம் ஆபீஸ் வேலையாக வெளியூர் போகிறேன் என்று சொல்லியிருக்கிறாய். என்னிடம் அந்த ஞாயிற்றுக்கிழமையும் கொழப்பமில்லை என்றுதான் சொன்னாய், ஆஸ்பத்திரி போனிலிருந்தே சொல்லியிருப்பாய் போல. "ஏன் சொல்லலைன்னு கேட்டா, எங்க அம்மா சாகக் கிடந்தப்பவும் என்னை வான்னு ஒரு வார்த்தை சொல்லலை, அவங்க பிள்ளை நான்னு பெருமையா சொல்றார் மாமா. அம்மாவோட லெட்டர்னு மூணு இன்லேண்ட் லெட்டரை எடுத்து வாசிச்சுக் காட்டினார். எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா நானும் இவரைக் கூப்பிடக் கூடாதா?" என்றாள். சொல்லச் சொல்ல அவள் சிரிப்பு நின்றுவிட்டது. போனை வைத்ததும் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பூத்துக்காரர் பயந்துபோய் சோடா வாங்கிக் கொடுத்தார்.

மறுநாளே எழுத உட்கார்ந்தேன். "இல்லறத்தில் பொறுமையும் சிக்கனமும் இரு கண்கள்" என்று முதல் வரி வந்தது. கிழித்துப் போட்டேன். "பெரியோரை மதித்து, உற்றாரை அனுசரித்து" என்று அடுத்தது வந்தது. அதையும் கிழித்தேன். என்னிடம் உள்ள சரக்கு இவ்வளவுதான், மக்களே. லயத்துத் தொழிலாளர் வீட்டில் கல்யாணம் என்றால் பத்துப் பேருக்கு இதையே மாற்றி மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன். உனக்கு நான் தர வேண்டியது புத்திமதி இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் உன்னிடம் ஒரு பொய்யைக் கொடுத்தேன். அதை நீ அம்மாவின் குணம் என்று நெஞ்சில் வைத்துக்கொண்டு, அதன்படியே நடந்துகொண்டும் இருக்கிறாய். அந்தப் பொய்யை நான் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

எஸ்டேட் ஞாயிற்றுக்கிழமைகள் உனக்கு மறந்திருக்காது. பொன்முடி மலையில் வளைந்து வளைந்து ஏறி வருகிற பஸ் நம் குவார்ட்டர்ஸுக்குக் கீழே திரும்பும்போது ஒரு ஹாரன் அடிக்கும். அதற்குள் லயத்து ஆட்கள் குளித்துத் தலைசீவி, கையில் இன்லேண்டோடு நம் வாசலுக்கு வந்துவிடுவார்கள். எஸ்டேட் ஆபீஸ் கிளார்க்கான எனக்கு அதெல்லாம் வேலையே இல்லை. ஆனால் "ரைட்டரய்யா எழுதினா கடுதாசி பேசும்" என்று யாரோ ஒருத்தர் சொல்லிவிட்டார், எனக்கு அது போதாதா? அவர்கள் சொல்வது ஒன்றாக இருக்கும். "கண்ணு சரியாத் தெரியல, யாரையாவது அனுப்பி வையி" என்று சொல்வார்கள். நான் "உடல்நிலை சற்று முன்பின்னாக இருப்பினும் இறைவன் அருளால் நலமே" என்று எழுதுவேன். கடிதம் என்றால் அதற்கு ஒரு மரியாதை உண்டு, அதில் அழுகையையும் ஏச்சையும் கொட்டக் கூடாது, தூரத்தில் இருக்கிறவர்களைப் பதறவைக்கக் கூடாது என்பது என் கொள்கை. எழுதி முடித்ததும் ராகம் போட்டு வாசித்தும் காட்டுவேன். அவர்களுக்கு அந்தப் பாஷை பிடிபடாது. ஐயா நல்லபடியாகத்தான் எழுதியிருப்பார் என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

உன் அம்மாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவாள். ஆனால் அவள் காது இருக்கிறதே, அதற்கு ஒன்றும் தப்பாது. உள்ளே கீரை அரிந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். செல்லத்தாயை ஞாபகம் இருக்கிறதா? தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள், குரலெடுத்தால் மூன்று லயத்துக்குக் கேட்கும். அவளுடைய மகள் தன் இஷ்டத்துக்கு ஒருவனைக் கட்டிக்கொண்டு அம்பாசமுத்திரம் பக்கம் போய்விட்டாள். போகிற அன்று செல்லத்தாய் அவளை விளக்குமாற்றால் அடித்திருக்கிறாள். ஒரு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்லேண்டோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். "எழுதுங்கய்யா. ஏட்டி, நான் ஒன்ன அடிச்சது தப்புட்டி. எங்கை வெளங்காமப் போவ. ஒம் மொவத்தப் பாக்கணும் போல கெடக்கு. வந்துட்டுப் போ. அவனையும் கூட்டிட்டு வா" என்றாள். நான் எழுதியது என்ன தெரியுமா? "நடந்தவற்றை மறந்து, பெற்றவள் மனம் குளிரும்படி நல்ல குணவதியாக நடந்துகொள்ளவும்." தாய் மகளிடம் மன்னிப்புக் கேட்பதாவது, அந்தப் பெண் தலைமேல் ஏறிவிட மாட்டாளா என்று அவளுக்காக நான் யோசித்தேனாம். பதில் வந்தது. "நான் குணங்கெட்டவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன்" என்று ஒரே வரி. அதையும் நான் அப்படியே வாசிக்கவில்லை. "சௌகரியமா இருக்காளாம், இப்ப வர முடியாதாம்" என்று வாசித்தேன். செல்லத்தாய் என் முகத்தையே பார்த்தாள். "நான் அடிச்சது தப்புன்னு சொன்னேனே, அதுக்கு ஒண்ணும் சொல்லலியாய்யா?" என்று கேட்டாள்.

அவள் தலை மறைந்ததும் உன் அம்மா அரிவாள்மணையை ஒதுக்கி வைத்துவிட்டு வந்தாள். "அவ சொன்னது ஒண்ணு, நீங்க எழுதினது வேறெ ஒண்ணு. அப்படித்தானே?" என்றாள். உனக்கு என்ன தெரியும், போய் வேலையைப் பார் என்றேன். "எழுத்து தெரியாது. காது கேக்கும். நீங்க வாசிச்சியளே, அதுல அடிச்சதும் இல்ல, வான்னும் இல்ல. அவ வாயில உள்ளத எழுதி வாங்கத்தான் ஒங்களத் தேடி வாரா. ஒங்க புத்தியக் கேக்க வரல்ல" என்றாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு பேச்சு இல்லை, சோற்றைத் தட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே லயத்துக்குப் போய்ச் செல்லத்தாயைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். "இன்னொருக்கச் சொல்லு. இப்பம் ஒழுங்கா எழுதுவாவ" என்று என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். ஒரு சொல் விடாமல் எழுதினேன், கை விளங்காமல் போக என்பதையும் சேர்த்து. மூன்றாம் வாரம் அந்தப் பெண் கைக்குழந்தையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். செல்லத்தாய் கொழுந்துக் கூடையைப் போட்டது போட்டபடி ஓடியதையும், நீ அந்தக் குழந்தையைக் கீழே விடாமல் தூக்கிக்கொண்டு திரிந்ததையும் இப்போதும் பார்க்கிற மாதிரி இருக்கிறது. ஆகையால் நான் தெரியாமல் செய்துவிட்டேன் என்று உன்னிடம் சொல்ல முடியாது. எனக்கு ஒரு தடவை சொல்லிக்கொடுத்தாயிற்று.

நீ பரோடாவில் சேர்ந்த ஐந்தாவது மாதம் அம்மாவுக்கு வயிறு வீங்கத் தொடங்கியது. டவுனுக்குக் கூட்டிப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினேன். டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்கு அழைத்துப் போய் ஆசைப்பட்டதைச் செய்து கொடுங்கள் என்றார். அவளிடம் நான் வாயுக் கோளாறு என்றேன். அவளா நம்புவாள்? மலையேறும் வரைக்கும் பஸ் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்குள் வந்ததும், "மணிக்கு எழுதுங்க. வரச் சொல்லி எழுதுங்க" என்றாள். உன் வேலை நிரந்தரமாக இன்னும் ஐந்து வாரம் இருந்தது. பயிற்சிக் காலத்தில் லீவு போட்டால் வேலை போய்விடும் என்று நீயே முன்பு எழுதியிருந்தாய். ஐந்து வாரம்தானே, அதற்குள் ஒன்றும் ஆகிவிடாது என்று கணக்குப் போட்டேன். அவள் வா என்று சொல்லச் சொல்ல, முதல் கடிதத்தில் அவள் பேரில், லேசாக உடம்பு சரியில்லை, கவலைப்பட ஒன்றுமில்லை என்று எழுதினேன். இரண்டாவதில் அதுகூட இல்லை, மழையைப் பற்றியும் அட்டைக்கடியைப் பற்றியும் எழுதி நிரப்பினேன்; இரண்டையும் வாசித்துக் காட்டாமலே ஒட்டிவிட்டேன். உன் வேலை மட்டும்தான் காரணம் என்றால் இன்றைக்குக் கொஞ்சமாவது தூக்கம் வரும். "அம்மாவுக்குப் பயமாக இருக்கிறது, வா" என்று என் கையால் எழுதிவிட்டால் அவள் சாகப்போவது நிச்சயமாகிவிடும் என்று எனக்குள் ஒரு நடுக்கம். எழுதாமல் இருக்கும்வரை நடக்காது என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் பார், உன் அப்பா.

மூன்றாவது கடிதத்தின்போது அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "செல்லத்தாய்க்குச் செஞ்ச மாரி எனக்கும் செஞ்சிராதீங்க" என்றாள். "சே, என்ன பேச்சு இது" என்று கோபப்படக்கூடச் செய்தேன். கட்டிலில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கி வாங்கி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். என் பேனா ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும், "வாசிங்க" என்றாள். வாசித்தேன். கண்ணைக் கடிதத்தில் வைத்துக்கொண்டு, அதில் இல்லாததை, அவள் சொன்னதைச் சொன்னபடியே ஒப்பித்தேன். என் கையால் எழுதியதையே மாற்றி வாசிக்கிற காரியத்தை அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. "இதுல நீ வான்னு எங்க எழுதிருக்கு? காட்டுங்க" என்றாள். நான் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினேன். அவள் தன் விரலை அதன்மேல் வைத்தாள். வயிற்றில் தைலம் தடவிக்கொண்டிருந்த விரல். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. பிறகு, "சரி, ஒட்டுங்க" என்றாள்.

அதற்குப் பின் பதினொரு நாள் இருந்தாள். கடுதாசி போய்ச் சேர ஐந்து நாள், லீவு சொல்ல ஒரு நாள், ரயிலில் இரண்டு நாள் என்று விரல் விட்டு எண்ணி வைத்திருந்தாள். ஒன்பதாம் நாளிலிருந்து ஹாரன் கேட்கும்போதெல்லாம், "போய்ப் பாருங்க" என்பாள். நான் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்ப்பேன். நீ வர மாட்டாய் என்று தெரிந்துகொண்டே போய், இறங்குகிற ஆட்களை ஒவ்வொருவராகப் பார்ப்பேன். "இந்த பஸ்ஸில இல்ல" என்று வந்து சொல்வேன். "லீவு கிட்டியிருக்காது. பாவம் பிள்ள" என்பாள். கடைசி நாள் சாயங்கால பஸ்ஸுக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானாகவே போய்ப் பார்த்துவிட்டு வந்து, இல்லை என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதாவது அவள் காதில் சொல்லியிருக்கலாம். அவன் வராமல் இருக்கவில்லை, நான்தான் அவனைக் கூப்பிடவில்லை என்று. ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? சொல்லவில்லை. தான் கூப்பிட்டும் பிள்ளை வரவில்லை என்று நினைத்துக்கொண்டே போய்விட்டாள். இதை நான் இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை, மக்களே.

தந்தி கிடைத்து நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பையைக்கூடக் கீழே வைக்காமல், "அம்மா என்னத் தேடினாளாப்பா?" என்று கேட்டாய். அதுதான் உண்மையைச் சொல்ல எனக்குக் கடைசியாகக் கிடைத்த சந்தர்ப்பம். நான் என்ன சொன்னேன்? "பிள்ள வேலையக் கெடுக்க வேண்டாம்னுதான் சொல்லிட்டிருந்தா" என்றேன். நீ அழுதுகொண்டே, "எங்கம்மா" என்றாய். அந்த அழுகைக்குள் ஒரு பெருமை தெரிந்தது. சரி, பிள்ளைக்கு நல்லதைத்தான் சொன்னோம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்த நல்லதுதான் உன்னை ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் தனியாகப் போட்டது.

நீ கேட்ட புத்திமதி இவ்வளவுதான். காய்ச்சல் வந்தால் அந்தப் பிள்ளையிடம் காய்ச்சல் என்று சொல்லு. பயமாக இருந்தால் பயம் என்று சொல்லு. வேண்டும்போது வா என்று கூப்பிடு, அதனால் மானம் ஒன்றும் போய்விடாது. யாரையும் கூப்பிடாமல் செத்துப்போன அம்மா என்று ஒருத்தி உனக்கு இல்லை. அவளை நான்தான் உண்டாக்கினேன். உன் உண்மையான அம்மா வாய்விட்டு மூன்று தடவை கூப்பிட்டாள்.

நானும் அதையே செய்கிறேன். எழுத்தைக் கோணலாக்குகிற இந்தக் கை நடுக்கம் எனக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. நரம்பு டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், இது கூடிக்கொண்டுதான் போகும், குறையாது என்று சொல்லிவிட்டார். உன் கல்யாணம் முடிகிறவரை மறைத்துவிட நினைத்தேன். மணவறையில் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு நிற்பதாகத் திட்டம்கூட வைத்திருந்தேன். இப்போது சட்டைப் பொத்தான் போடக் கீழே கடைக்காரரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. நீ வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போ. இதையெல்லாம் படித்த பிறகு கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் இஷ்டம், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். திட்டுவதற்காக வந்தாலும் வா. ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் கொழப்பமில்லை என்று மட்டும் என்னிடம் சொல்லாதே.

ரேவதிக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது என்று சொன்னாய். நீதான் இதை அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். மலையாளப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த உன்னைத் தினமும் சாயங்காலம் இழுத்துப்பிடித்து உட்கார வைத்துத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன், நீ என்னைத் திட்டிக்கொண்டே படித்தாய். அது இதற்கு உதவட்டும். உள்ளதை உள்ளபடி வாசி. நான் வாசித்த மாதிரி வாசிக்காதே.

அந்த மூன்றாவது இன்லேண்டை எடுத்துப் பார். "இங்கு அனைவரும் நலம்" என்று ஒரு வரி இருக்கும். அதன்மேல் ஒரு எண்ணெய்க் கறை இருக்கும், தபாலில் வந்த அழுக்கு என்று நினைத்திருப்பாய். அது அம்மாவின் விரல். வா என்று எழுதியிருப்பதாக நினைத்து அவள் தொட்ட இடம் அது. அன்றைக்கு அவள் சொன்னதை இப்போது கீழே எழுதுகிறேன்.

"மணி, அம்மாதான். எனக்கு வயத்துல என்னமோ கெட்டது வந்திருக்கு. அப்பா ஒண்ணுமில்லன்னு சொல்லுதாவ, அவுக மொகத்தப் பாத்தாலே தெரியுது. எனக்குப் பயமா இருக்கு மக்களே. ஒன்னப் பாக்கணும். வேல போனாப் போட்டும், வேறெ கிட்டும். அப்பாவுக்குச் சோறு வடிக்கத் தெரியல்ல, கையச் சுட்டுக்கிட்டாவ. ஒண்ணும் வாங்கிட்டு வரண்டாம், ஒன்னப் பாத்தா மதி, அது போதும். நீ வா."

இவ்வளவுதான் அவள் சொன்னது. ஒரு சொல்லும் நான் மாற்றவில்லை.

அப்பா